நடு ஏரியில் நான் கேட்ட மூன்றாவது கை

நம்பிக்கையே இல்லாமல் ஜெபம் செய்ய முடியும். ஒரு வருஷத்துக்கு மேல் நான் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். வாய் பேசும், மனசு வேறெங்கோ இருக்கும். அந்த நாட்களில் கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

என் பெயர் எஸ்தர். செம்பரம்பாக்கம் ஏரிக்கு மேற்கே, இருங்காட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மிஷன் மருந்தகத்தில் நர்ஸாக இருந்தேன். என் கணவர் அங்கேயே மருந்து கலந்து கொடுக்கிறவர். அறுபதுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாதம் அவருக்கு விஷக்காய்ச்சல் வந்தது. தரையில் விழுந்து ஜெபித்தேன். உபவாசம் இருந்தேன். அவர் போய்விட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

சபையார் வந்தார்கள். ஆறுதல் சொன்னார்கள். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. கேட்டேன், கொடுக்கவில்லை, அவ்வளவுதான் என்று மனசைப் பூட்டிக்கொண்டேன். வேலையை மட்டும் விடவில்லை. வீட்டில் உட்காரப் பயம்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஓடை உடைந்து, நெடுஞ்சாலைக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர். அப்படிப்பட்ட நாட்களில் நோயாளிகளைப் பூந்தமல்லிப் பக்கம் கொண்டுபோக எங்களுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. முன்பு மருந்தகத்தில் இருந்த வெள்ளைக்கார டாக்டர் ஊர் திரும்பியபோது விட்டுப்போன பாய்மரப் படகு. ஏரியைக் குறுக்கே கடந்து கிழக்குக் கரைக்குப் போய்விட்டால் அங்கிருந்து சாலை உண்டு. படகை ஓட்டுகிறவர் கன்னியப்பன். மாரியம்மன் பக்தர், நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார்.

அந்தப் படகுக்கு ஒரு குறை இருந்தது. சுக்கானைத் திருப்பும் இரும்புத் தண்டு படகின் அடிப்பலகையைத் துளைத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கும். தண்டைச் சுற்றி ஒரு குழாய் இருக்கும். தண்ணீர் மேலே வராமல் இருக்க, அந்தக் குழாயின் வாயில் கொழுப்பு தடவிய சணல் கயிற்றைத் திணித்து, மேலே ஒரு மரை மூடியைத் திருகி இறுக்கியிருப்பார்கள். அந்தச் சணல் நைந்துபோயிருந்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசியும். கன்னியப்பன் ஒரு டப்பாவால் மொண்டு வெளியே ஊற்றிவிடுவார். புதுச் சணலுக்கு மெட்ராஸுக்குச் சொல்லி அனுப்பியிருந்தோம். மழையில் வந்து சேரவில்லை.

ஒரு காலை நேரம் என்னைக் கூப்பிட ஆள் வந்தது. முனியம்மா என்பவரின் மருமகள் சரோஜா. தலைப்பிரசவம். புருஷனுக்கு மெட்ராஸ் பக்கம் பாடியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை, ஊரில் இல்லை. விடியற்காலையிலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டது. ஆனால் ரத்தம் நிற்கவில்லை. நான் போனபோது அந்தப் பெண்ணின் உதடு வெளுத்திருந்தது. ஊசி போட்டேன். ஒரு கையை அடிவயிற்றின் மேலும் மற்றொரு கையைக் கீழேயும் வைத்து அழுத்தினேன். ரத்தம் அடங்கியது. கையைத் தளர்த்தினால் மறுபடி வந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்" என்றேன்.

முனியம்மாவுக்கு என்மேல் கோபம். "நீ ஊசி குத்தின பொறவுதான் இவ இப்டி தொவண்டு போய்ட்டா" என்றார். ஆனாலும் கட்டிலோடு ஏரிக்கரைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குழந்தையைச் சரோஜாவின் நாத்தனாரிடம் விட்டுவிட்டு முனியம்மாவும் படகில் ஏறினார். அவருக்குத் தண்ணீர் என்றால் பயம். முன்பக்கத்தில் குந்தி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அடிப்பலகையில் பாயின் மேல் சரோஜாவோடு இருந்தேன். என் இரண்டு கையும் அவள் உடம்பில்.

கிளம்பும்போது காற்று அளவாக இருந்தது. நடு ஏரிக்கு வந்ததும் வாடைக்காற்று பக்கவாட்டில் அறைய ஆரம்பித்தது. படகு சாய்ந்துகொண்டே ஓடியது. அதை நேராகப் பிடிக்கக் கன்னியப்பன் சுக்கானோடு மல்லுக்கட்டினார். தண்டு குழாய்க்குள் முறுகி முறுகி, மரை மூடி தளர்ந்துவிட்டது. நைந்த சணல் பிசிறு பிசிறாக வெளியே வந்தது. அதன்பின் சொட்டு இல்லை, ஊற்று.

முதலில் என் முழங்கால் நனைந்தது. மழைத் தண்ணீர் என்று நினைத்தேன். பிறகு சரோஜாவின் பாய் மிதக்க ஆரம்பித்தது.

"நர்சம்மா, தண்ணி ஏறிகினு வர்து" என்றார் கன்னியப்பன். ஒரு கையில் சுக்கான் கழி, ஒரு கையில் டப்பா. "அடைப்பு பூடுச்சு. நீ வந்து இந்தக் கழிய கொஞ்சம் புடிச்சிகினா நான் இன்னான்னு பாப்பேன்."

"நான் கைய எடுத்தா இவ போயிடுவா, கன்னியப்பா."

அவர் முனியம்மாவைக் கூப்பிட்டார். இரண்டு தடவை கூப்பிட்டார். அந்த அம்மாள் முகத்தை எடுக்கவேயில்லை. அழுதுகொண்டே தன் அம்மனை அழைத்துக்கொண்டிருந்தார்.

சரோஜா கண்ணைத் திறந்து, "அத்தே" என்றாள். சத்தமே வரவில்லை.

அந்த நேரம் என் மனசில் பயம்கூட இல்லை. உங்களிடம் மறைக்கவேண்டிய அவசியம் இல்லை. இதுவும் இப்படித்தான் முடியும் என்று ஒரு சலிப்புத்தான் இருந்தது. இவளும் போவாள், நாங்களும் போவோம், வானம் அப்படியே இருக்கும். என் கணவர் படுத்திருந்த கடைசி நாள் எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கும் கேட்டேன், கிடைக்கவில்லை என்று தோன்றியது.

ஆனாலும் வாய் திறந்தது. முழங்கால் போட இடமில்லை. கை கூப்ப முடியாது. கண்ணை மூடினால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. அழகாக ஜெபிக்க ஒரு வார்த்தையும் வரவில்லை.

"எனக்கு ரெண்டு கைதான் இருக்கு. ரெண்டும் ரொம்பியிருக்கு. இன்னொரு கை குடு. ஒரே ஒரு கை குடு."

நான் சொன்னது அவ்வளவுதான். ஆமென்கூடச் சொல்லவில்லை.

படகு ஒரு பக்கம் அசைந்தது. நிமிர்ந்து பார்த்தேன். முனியம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தண்ணீரில் தவழ்ந்து பின்பக்கம் வந்துகொண்டிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஒரு கை படகின் விளிம்பை விடவேயில்லை. ஆனாலும் வந்தார்.

"இன்னா பண்ணணும், சொல்லு" என்றார்.

கன்னியப்பன்தான் பதில் சொன்னார். "இந்தக் கொழாய் வாயில திணிக்க எதுனா வேணும். துணி இருந்தா போதாது, பிசுபிசுன்னு எண்ணெய் ஏறின துணியா வேணும். வெறுந்துணிய தண்ணி தள்ளிடும்."

எனக்கு அப்போதுதான் என் பை ஞாபகம் வந்தது. "என் பையில கட்டுப்போடற காஜ் துணி இருக்கு. வாசலின் டப்பா இருக்கு. எடுங்கம்மா."

முனியம்மா பையைத் திறந்தார். நீளமான காஜ் துணியை உதறினார். பல்லால் கடித்துக் கிழித்தார். தொடைமேல் வைத்து உள்ளங்கையால் ஒரே தேய். துணி கெட்டியான திரியாக உருண்டு வந்தது. அதன்மேல் வாசலினை அள்ளி அப்பி மறுபடி உருட்டினார். அந்த நேரத்திலும் நான் அசந்துபோனேன்.

"அம்மன் கோயிலுக்கு வாராவாரம் நாந்தான் திரி திரிக்கிறேன்" என்றார், என்னைப் பார்க்காமல்.

கன்னியப்பன் படகுப் பாயை இறக்கினார். சுக்கான் கழி அசையாமல் இருக்கக் கயிற்றால் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினார். மரை மூடியைத் தண்டின்மேல் மேலே தள்ளியதும் தண்ணீர் குபுகுபு என்று பொங்கியது. பாய் இல்லாத படகு அலைக்குக் குறுக்கே திரும்பிக் கிடந்தது. முனியம்மா ஒரு திரியைத் தண்டைச் சுற்றி வளைத்து வைத்தார். கன்னியப்பன் மூங்கில் சிம்பால் குத்தி இறக்கினார். அலை வந்து மோதியது, திரி வெளியே வந்துவிட்டது.

"ஐயோ" என்றார் முனியம்மா.

"இன்னொண்ணு போடு. தடிமனா போடு" என்றார் கன்னியப்பன்.

அப்போது காற்று விட்டது. சட்டென்று அறுந்தது மாதிரி நின்றது. மழை நேராக, கம்பி கம்பியாக இறங்கியது. அலை தணிந்தது. ஏரியில் பெருமழை இறங்கும்போது அப்படிக் கொஞ்ச நேரம் காற்று அடங்குவது உண்டு என்று கன்னியப்பன் பிற்பாடு சொன்னார். இருக்கலாம். எங்களுக்கு அந்தக் கொஞ்ச நேரம்தான் வேண்டியிருந்தது.

திரிமேல் திரியாக வைத்தார்கள். அவர் குத்த, அந்த அம்மாள் விரலால் அமுக்கிப் பிடிக்க, கன்னியப்பன் மூடியைக் கீழே இறக்கித் திருகினார். ஊற்று ஒழுக்காயிற்று. ஒழுக்கு கசிவாயிற்று. அதற்குமேல் மூடி திரும்பவில்லை.

"போதும்" என்று சொல்லிவிட்டு அவர் பாயை ஏற்றினார். முனியம்மா டப்பாவை எடுத்து மொள்ள ஆரம்பித்தவர் கரை வரும்வரை நிறுத்தவில்லை.

கிழக்குக் கரையில் ஏரி மட்டம் பார்க்க வந்த ஒரு ஜீப் நின்றிருந்தது. கன்னியப்பன் கரைமேல் ஏறி ஓடி நிலைமையைச் சொன்னதும், அதிலிருந்தவர்கள் மறுபேச்சில்லாமல் எங்களை ஏற்றிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் சரோஜாவை வாங்கிக்கொண்ட டாக்டரம்மா, "நீங்க கைய எடுக்காம கொண்டாந்ததாலதான் உசிரு இருக்கு" என்றார். ரத்தம் ஏற்றினார்கள். சாயங்காலம் அவள் தண்ணீர் கேட்டாள். குழந்தையைக் கேட்டாள்.

நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். என் விரல்கள் மடங்கியபடியே விறைத்திருந்தன, நீட்ட முடியவில்லை. முனியம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து ஒவ்வொரு விரலாக நீவிவிட்டார்.

"நர்சம்மா, ஒண்ணு கேக்கட்டா? படகுல யாரண்ட பேசின?"

"எங்க சாமிகிட்டம்மா."

அவர் கை நின்றுவிட்டது. "நெசமாவா? நான் என்னண்ட கேட்டன்னு நெனச்சிகினேன். 'இன்னொரு கை குடு'ன்னு நீ சொல்றது காதுல வுழுந்துச்சு. நம்மளத்தான் கூப்டறா, போவலன்னா பாவம்னு எழுந்து வந்தேன்."

நான் சத்தமாக ஜெபித்தேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சகோதர சகோதரிகளே, நான் அந்த வராந்தாவில் அழுதேன். என் கணவர் போன நாளில் வராத அழுகை அன்றைக்கு வந்தது. முனியம்மா என் விரலை நீவிக்கொண்டே இருந்தார்.

என் கணவரைக் கர்த்தர் ஏன் எடுத்துக்கொண்டார் என்பதற்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. தெரியும் என்று சொன்னால் அது பொய்ச் சாட்சி. ஆனால் என் வார்த்தை வெறும் காற்றில் போகவில்லை என்பது தெரியும். நான் கேட்டதைக் கர்த்தர் கேட்டார். அதே வார்த்தையை, என்மேல் கோபமாயிருந்த ஒரு பெண்ணின் காதிலும் போட்டார். அந்த அம்மாள் வேறு சாமியைக் கும்பிடுகிறவர். இன்றும் அப்படித்தான். அவர் கையைத்தான் கர்த்தர் எனக்குக் கொடுத்தார்.

அந்த மழைக்காலம் முழுக்கப் படகு காஜ் துணித் திரியோடுதான் ஓடியது. கோடையில் தண்ணீர் வற்றிய பிறகு கரையேற்றிப் புதுச் சணல் வைத்தார்கள். நான் அதற்குப் பிறகும் பல வருஷம் அதே மருந்தகத்தில் இருந்தேன். பூட்டி வைத்த வீட்டைத் திறந்தேன். சபையார் வந்தால் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். நோயாளியின் பக்கத்தில் நின்று வாய்விட்டு ஜெபிக்கக் கற்றுக்கொண்டேன். சரோஜா சுகமாக இருக்கிறாள். அன்று பிறந்த பெண் போன தை மாதம் சிங்கப்பெருமாள் கோவில் ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். கல்யாணத்தில் முனியம்மா என்னைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார்.

உங்களில் யாராவது, கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் இன்று இங்கே உட்கார்ந்திருக்கலாம். உங்களிடம் பெரிய விசுவாசம் இருக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். என்னிடம் அன்று அது இல்லை. உங்களுக்கு என்ன வேண்டுமோ அதை இருக்கிறபடி, வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டுவிட்டுத் தலையை நிமிர்த்திப் பாருங்கள். யாராவது வந்துகொண்டிருப்பார்கள். நீங்கள் நினைத்த ஆள் இல்லையே என்று மட்டும் அவர்களைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.