ஆணியை வாயில் வைக்காதவர்

என் வீட்டுக்காரர் பெயர் காஸ்பர். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று எங்கள் சந்தில் பேசிக்கொள்வார்கள். குறைவதற்கு அவரிடம் என்ன மிச்சம் இருக்கிறது? முப்பத்திரண்டு வருஷம் ஏணி மேலேயே போய்விட்டது. அதனால் தைரியமாகவே சொல்கிறேன், காஸ்பர்.

சாந்தோம் கோயிலுக்குப் பின்னால் எங்கள் வீடு. மவுண்ட் ரோட்டில் ஒரு பர்னிச்சர் கம்பெனியில் அவருக்கு வேலை. சோபாவுக்குத் துணி இழுத்துக் கட்டுவார், ஜன்னலுக்குத் திரை மாட்டுவார், சுவருக்கு வால்பேப்பர் ஒட்டுவார். மக்மல், டமாஸ்க், பூப்போட்ட கிரிட்டோன் எதுவானாலும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே தினுசைச் சொல்லிவிடுவார். சோபா உறைகளைத் தைக்கிற வேலையைக் கம்பெனி எனக்குக் கொடுக்கும். இத்தனை சோபா எங்கள் கை வழியாகப் போயிருக்கிறது, எங்கள் வீட்டில் உட்கார ஒரு பாயும் ஒரு ஸ்டூலும்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. சோபாவைத் துடைக்க யாரால் ஆகும்?

வருத்தமெல்லாம் அவருடைய வலது முழங்காலைப் பற்றித்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலில் அடையாற்றில் ஒரு பங்களாவில் திரைக்கம்பி மாட்டும்போது ஏணியிலிருந்து விழுந்தார். எலும்பு கூடிவிட்டது, வலி போகவில்லை. படி ஏறினால் சாயங்காலத்துக்குள் முட்டி பனங்காய் அளவுக்கு வீங்கிவிடும். நான் கற்பூர எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுப்பேன். காலையில் மறுபடி ஏணி.

கம்பெனியில் ஏணி இல்லாத வேலை ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது கட்டிங் மேஜை. வருகிற துணியை அளந்து, பூவுக்குப் பூ பொருந்தும்படி வெட்டிக் கொடுக்கிற வேலை. உயரமான நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யலாம். இருபது வருஷமாக அதில் இருந்த ஹபீபுர் ரஹ்மான் பாய், கண் மங்கிப்போய் வாணியம்பாடிக்கே போய்விடுவதாகச் சொன்னார். அது நாற்பத்தேழு மார்ச் மாதம். கம்பெனியை நடத்திய துரையும் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டான். தலைமைக் குமாஸ்தாவாக இருந்த கஸ்தூரிரங்கன் கடையை வாங்கிக்கொண்டார்.

புது முதலாளி இவரைக் கூப்பிட்டுச் சொன்னார்: "காஸ்பர், அபிராமபுரத்துல வக்கீல் சுப்பராமன் ஆத்து ஹால் இருக்கு. அதை நீ நன்னா முடிச்சுக் கொடுத்துடு. அவாளுக்குத் திருப்தியா இருந்தா ஒண்ணாந்தேதியிலேர்ந்து கட்டிங் மேஜை உனக்குத்தான். இல்லேன்னா பஞ்சாட்சரம் இருக்கான்."

பஞ்சாட்சரம் இவருக்குக் கீழே வேலை கற்றவன். அவனுக்கு இரண்டு முழங்காலும் நன்றாக இருக்கிறது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சிரித்துக்கொண்டே வந்தார். "அல்போன்சா, இன்னும் ஒரே ஒரு ஊடு. அதோட ஏணிக்கு ஒரு கும்புடு" என்றார். நான் அன்றைக்கே கோயிலுக்குப் போய் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். அவசரக்குடுக்கை நான்.

வக்கீல் சுப்பராமனுக்கு அந்த வருஷத்து ஜுரம் பிடித்திருந்தது. வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போகும்போது சாமான்களை ஏலம் விட்டார்கள் அல்லவா? மயிலாப்பூரில் பாதிப் பேர் அதை வாங்கித் தள்ளினார்கள். வக்கீலும் ஒரு பெரிய சோபா செட்டை வாங்கி ஹாலில் போட்டார். சோபா வந்ததும் சுவர் அசிங்கமாகத் தெரிந்தது. யுத்தத்துக்கு முன்னால் கப்பலில் வந்து கம்பெனி கிடங்கில் தூங்கிக்கொண்டிருந்த வால்பேப்பரில் பன்னிரண்டு சுருள் மிச்சம் இருந்தது. வெண்ணெய் நிறத்தில் பச்சைக் கொடி ஓடும். அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பசை காய்ச்சுகிற வேலை எப்போதும் என்னுடையது. மைதா கிடைக்காத காலம். ரேஷனில் அரிசிக்குப் பதில் தலையில் கட்டுகிற கோதுமையை இடித்து, சலித்து, கூழாகக் காய்ச்சி, கரப்பான் தின்னாமல் இருக்கத் துளி மயில்துத்தம் போட்டுக் கொடுப்பேன். அந்தக் கோதுமைக்கு அதைவிட நல்ல கதி எங்கள் வீட்டில் இருந்ததில்லை.

நான்கே நாளில் மூன்று சுவர் முடித்துவிட்டார். ஒட்டு எங்கே என்று தேடினாலும் கிடைக்காது, கொடி அப்படி விட்ட இடத்திலிருந்து ஓடும். ஐந்தாம் நாள் சோபாவுக்கு அளவெடுக்க நானும் போயிருந்தேன். வக்கீலின் மனைவி விசாலாக்ஷி அம்மாள் ஈரத் தலையோடு, பட்டுப் புடவையில், கையில் பூக்குடலையோடு ஹால் ஓரமாக வந்தார். பூஜை அறைக்குப் போக அந்த வீட்டில் வேறு வழி கிடையாது. சுவரைப் பார்த்து நின்றார்.

"அழகாத்தான் இருக்கு. இதை எதைக் கொண்டுப்பா ஒட்டறே?"

நான் இவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். எனக்குள் என்னவோ சொல்லிற்று, இவர் காலை மிதித்தேன். கடையில் வாங்கின பசை அம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? இவரா சொல்வார்?

"மாவுப் பசைதாம்மா. நம்ம ஊட்ல அடுப்புல வெச்சிக் காச்சினது. சுத்தமா இருக்கும்" என்றார்.

"காய்ச்சினதா?" அம்மாள் இரண்டு அடி பின்வாங்கினார். "ஏன்னா! இங்க வாங்கோ! சுவர் முழுக்கப் பத்துன்னா!"

அரிசியோ மாவோ, தண்ணீர் விட்டு அடுப்பில் வெந்துவிட்டால் அவர்களுக்கு அது பத்து. தொட்டால் கையலம்ப வேண்டும். குளித்து மடியாக இருக்கும்போது மேலே பட்டால் மறுபடி தலைக்குக் குளியல். எங்களுக்கு இது என்ன தெரியும்? இத்தனை வருஷம் துரைமார் வீட்டுச் சுவரில் அல்லவா கூழைத் தடவிக்கொண்டிருந்தோம்.

வக்கீல் பேப்பரும் கையுமாக வந்து, "ரெண்டு தடவை குளிச்சா என்ன, வெயில் காலம்தானே" என்று சிரித்தார். அம்மாளுக்குக் கண்ணில் நீர் தளும்பிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். ஆனாலும் அந்த அழுகை வேஷமில்லை. தினமும் விடிந்ததும் நடக்கிற வழியில் யாரோ குறுக்கே படுத்துக்கொண்ட மாதிரி அவர் முகம் இருந்தது.

மத்தியானமே கஸ்தூரிரங்கன் வந்து சேர்ந்தார். "உன்னை நம்பி அனுப்பினேனே காஸ்பர்! மயிலாப்பூர் ஆம்னு தெரியாதா? இதே பேர் எனக்கு ஊரெல்லாம் நிலைச்சுடும். பஞ்சாட்சரத்தைக் கூட்டிண்டு வந்து கிழிச்சுட்டு வெள்ளையடிக்கச் சொல்றேன். நீ ஷாப்புக்கு வா, பேசிக்கலாம்."

இவர் தலையைக் குனிந்துகொண்டு முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். கட்டிங் மேஜை கண்ணெதிரில் கைநழுவிப் போகிறது, இந்த மனிதர் ஊமையாக நிற்கிறாரே! எனக்குப் பொறுக்கவில்லை. விசாலாக்ஷி அம்மாளின் புடவையைப் பார்த்தேன். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஏம்மா, மடின்னா நீங்க பட்டுதானே கட்டிக்கிறீங்க? சுவத்துக்கும் பட்டையே கட்டிட்டா? பசையே வேணாம். ரீப்பர் கட்டை அடிச்சி, சோபாவுக்கு இழுக்கிற மாதிரி துணியை இழுத்து ஆணி அடிச்சிடுவாரு எங்க ஊட்டுக்காரரு."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பட்டுன்னா தோஷமில்லை" என்றார் மெதுவாக. வக்கீலுக்கு ஒரே குஷி. சுவருக்குப் பட்டுடுத்திய வீடு மெட்ராஸில் வேறு யாருக்கு இருக்கிறது? நூல் துணிக்குத்தான் ரேஷன் கார்டு கேட்டார்கள், பட்டுக்கு இல்லை. தியாகராய நகரில் பனகல் பார்க் பக்கத்துக் கடையிலிருந்து தாழம்பூ நிறத்தில் கரையில்லாத பட்டு மறுநாளே பீஸ் பீஸாக வந்து இறங்கியது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒட்டியதைப் பிய்ப்பது ஒட்டுவதைவிட நாய்ப்பாடு. கோணியை நனைத்துப் போட்டு ஊறவைத்து, தகட்டால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். நாலு நாள் உழைத்ததை நாலு நாள் சுரண்டினார். கப்பலில் வந்த கொடியெல்லாம் வாளியில் கஞ்சியாகக் கிடந்தது. பிறகு சுவரைக் கழுவி, ரீப்பர் அடித்து, பட்டு இழுக்க ஆரம்பித்தார்.

இந்த வேலையில் வலது கையில் சுத்தி, இடது கை துணியை விறைப்பாக இழுத்துப் பிடித்திருக்கும். அப்போது ஆணி எங்கே இருக்கும்? வாயில்தான். ஒரு பிடி பொடி ஆணியை வாயில் போட்டுக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாகத் திருப்பி, உதட்டு நுனிக்குக் கொண்டுவருவார்கள். காந்தச் சுத்தியை உதட்டருகே கொண்டுபோனால் ஆணி ஒட்டிக்கொள்ளும். ஒரே அடி. சோபா தைக்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் செய்வார்கள். முதல் வரிசையில் பத்து ஆணி இறங்கியிருக்கும். கீழே அம்மாள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயையோ, எச்சில் ஆணியையா அடிக்கறே?"

இவர் ஏணியிலிருந்து இறங்கினார். வாயிலிருந்ததை எல்லாம் காகிதத்தில் துப்பி மடித்து ஜேபியில் போட்டுக்கொண்டார். மறுபடி ஏறி, அடித்த பத்தையும் குறடால் பிடுங்கினார். "மன்னிச்சுக்குங்கம்மா, பழக்க தோஷம்" என்றார்.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தடித்த அட்டையில் நாற்பது ஆணியைக் கொண்டை மேலே தெரியும்படி நான் குத்திக் கொடுப்பேன். அந்த அட்டையை மார்பில் கட்டிக்கொண்டு, சுத்தியை அங்கே தொட்டுத் தொட்டு எடுத்து அடிப்பார். நாற்பது தீர்ந்தால் இறங்கி அடுத்த அட்டை. என்னை ஏணியில் ஏற விடமாட்டார். ஒரு நாளைக்கு எத்தனை தரம் இறங்கி ஏறினார் என்று மாதாவுக்குத்தான் தெரியும். முட்டி வீங்கி வேட்டிக்கு மேலே தெரிந்தது. ஒவ்வொரு படிக்கும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார்.

ஒரு நாள் அம்மாள் சமையலறைக்குப் போய்விட்டார். ஹாலில் எங்களைத் தவிர யாருமில்லை. நான் ஒரு பிடி ஆணியை நீட்டினேன். "வாயில போட்டுக்கோங்க. சீக்கிரமா இந்த மேல் வரிசையையாவது முடிங்க. யாரு பாக்கப்போறாங்க?"

அவர் ஏணியில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்தார். முகமெல்லாம் வேர்வை.

"இன்னா அல்போன்சா, அவங்க பாக்கலைன்னா எச்சில் இல்லாம பூடுமா? நாளைக்கு ஈரத் தலையோட இது பக்கத்துல நடப்பாங்களே."

"ஆமாம், உங்க முட்டி பக்கத்துல யாரும் நடக்கப்போறதில்ல" என்று சொல்லிவிட்டு அட்டையில் ஆணி குத்த உட்கார்ந்தேன். அழுகையாக வந்தது. அந்தச் சுவருக்கு நாமம் போட்டாலும் எனக்கு என்ன என்றிருந்தது. சமையலறை வாசலைத் திரும்பிப் பார்த்தபோது விசாலாக்ஷி அம்மாள் தம்ளரில் மோரோடு நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. மோரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பத்து நாளில் முடிய வேண்டியது இருபத்து மூன்று நாள் இழுத்தது. ஆணித் தலையை மறைக்கிற நாடாவை வச்சிரத்தால் ஒட்டக் கூடாது, அது மாட்டுத் தோல் சமாச்சாரம். அதை வளைந்த ஊசியால் கையாலேயே தைத்தோம், கை எட்டுகிற வரை நான், மேலே அவர். முடிந்த அன்று சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக விழுந்தபோது ஹால் முழுக்கப் பொன்னாக நின்றது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. விசாலாக்ஷி அம்மாள் சுவரை ஒட்டினாற்போலவே பூஜை அறைக்கு நடந்து போனார். திரும்பி வந்து இவரைப் பார்த்துக் கைகூப்பினார். இவர் என்ன செய்வதென்று தெரியாமல் சுத்தியோடு கும்பிட்டார்.

அடுத்து வந்த ஒண்ணாந்தேதி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு ஷாப்புக்குப் போனார். கட்டிங் மேஜைக்குப் போகிறாரே என்று நான் காலையிலேயே கறி வாங்கிக் குழம்பு வைத்தேன். மூன்று மணிக்கே திரும்பிவிட்டார். தனியாக வரவில்லை. கை வண்டிக்காரன் ஒருவன் பின்னால் ஓர் ஏணியைத் தள்ளிக்கொண்டு வந்தான். புத்தம் புதுத் தேக்கு ஏணி. கால்களுக்கு ரப்பர் போட்டிருந்தது.

"இது எதுக்கு?" என்றேன்.

ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு சொன்னார். வக்கீல் வீட்டைப் பார்த்துவிட்டு லஸ்ஸில் மூன்று வீடு, மாம்பலத்தில் நாலு, அடையாற்றில் ஒன்று, எட்டு வீட்டில் பட்டுச் சுவர் கேட்டிருக்கிறார்கள். விசாலாக்ஷி அம்மாள் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லியிருக்கிறாராம். யாரும் பார்க்காதபோதும் ஆணியை வாயில் வைக்காத மனுஷர் ஒருத்தர்தான், காஸ்பர் வந்தால்தான் வேலையை ஆரம்பிக்கணும் என்று. அன்றைக்கு நாங்கள் பேசிய எல்லாவற்றையும் அம்மாள் கேட்டிருக்கிறார்.

"முதலாளி இன்னா சொன்னாரு? கட்டிங் மேஜை?"

"'உன்னைக் கீழ உக்கார வெச்சுட்டா மேல யார் ஏறுவா காஸ்பர்?'னாரு. மேஜை பஞ்சாட்சரத்துக்கு. எனக்கு இது." ஏணியைக் காட்டினார். "நல்ல ஏணிதான். வழுக்காது."

நான் கத்தினேன். கஸ்தூரிரங்கனைத் திட்டினேன், வக்கீலைத் திட்டினேன், கையெடுத்துக் கும்பிட்ட அந்த அம்மாளையும் திட்டினேன். அவர்கள் யாரும் கெட்டவர்களில்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். பட்டு என்று முந்திரிக்கொட்டையாகச் சொன்ன வாய் என்னுடையது. வாயில் போட்டுக்கோங்க என்று உரக்கச் சொன்னதும் அதே வாய். நான் சும்மா இருந்திருந்தால் பேர் கெட்டிருக்கும், ஏறச் சொல்லி யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள், ஏணியும் போயிருக்கும்.

"குழம்பு வாசம் நல்லா கீது, சோறு போடு" என்றார் அவர்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. இன்றைக்கு அடையாற்றில் இன்னொரு வீடு. காலையில் ஸ்டூலில் உட்கார்ந்து முட்டியை நீட்டினார். எண்ணெய் தேய்த்துவிட்டு, கட்ட நீளமான துணி தேடினேன். பெட்டியில் அந்த அபிராமபுரத்துப் பட்டில் வெட்டி விழுந்த துண்டு ஒன்று கிடந்தது, தாழம்பூ நிறம். அதை எடுத்து இறுக்கிக் கட்டினேன். அவர் கட்டைத் தடவிப் பார்த்து, "உசத்தித் துணி" என்று சொல்லிவிட்டு, ஏணியைத் தூக்கப் போனார்.