மொட்டைத் தலைப் பூவும் இதழ் வைத்த பூவும்

மென்ற உடனே ஒன்றும் தெரியாது. கொஞ்சம் பொறுத்து நாக்கு நுனியில் எறும்பு ஊர்வது போலச் சுரசுரவென்று ஏறி, வாயெல்லாம் எச்சில் ஊறி, கன்னம் யாருடைய கன்னமோ என்பது போல மரத்துப் போகும். பீர்மேட்டுப் பக்கம் எஸ்டேட் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்த வீடுகளில், பல் வலி என்றால் முதலில் தேடுவது அந்த மஞ்சள் பூவைத்தான். "மரப்புப் பூ" என்போம். மழை ஓய்ந்ததும் தேயிலைக்குள் ஓடும் வடிகால் ஓரமெல்லாம் முளைத்து, வெயில் ஏறினால் காய்ந்து போகும் செடி.

வம்பு என்னவென்றால், அதே இடத்தில், அதே சொரசொரப்பான இலையோடு இன்னொன்றும் முளைக்கும். அது "பொய்ப்பூ". அம்மாவோடு கொழுந்து கிள்ளப் போகும் பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா சொல்வார்: "நீளக் காம்புல மொட்டைத் தலையாக் கூம்பிக்கிட்டு நின்னா அது நம்ம ஆளு. காம்பே இல்லாம இலை இடுக்குல உக்காந்து, ரெண்டு மூணு இதழ வச்சுச் சிலுப்புனா அது கள்ளி. நம்பிராதீக." இரண்டும் ஒரே சூரியகாந்திக் குடும்பம்தான் என்று வெகு காலம் கழித்துத் தெரிந்துகொண்டேன், அப்போது தெரிந்திருந்தாலும் என் பயம் குறைந்திருக்காது.

பூவைவிட எனக்குப் பெரிய பயம் சிவப்புத் துணி. களைக்கு மருந்து அடித்த தேயிலைக் காட்டில் குச்சி நட்டு அதைக் கட்டியிருப்பார்கள். உள்ளே ஒரு புல்லைக்கூடக் கிள்ளக் கூடாது. அப்படி ஒரு காட்டில் மேய்ந்த ஆடு வாயில் நுரை தள்ளிக் கால்களை உதைத்துக்கொண்டு கிடந்ததை, இது நடப்பதற்கு முந்தின வருஷம் நான் பார்த்திருந்தேன்.

எனக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. ஒரு சனிக்கிழமை மதியம் அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருக்க, ஐந்து வயதுத் தங்கை சுதா கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டு அலறினாள். வெளியே மூடுபனி, எதிர் லயமே தெரியாத அளவுக்கு இறங்கியிருந்தது. வடிகாலுக்கு ஓடி, கையில் பட்ட மஞ்சளை எல்லாம் பறித்து வந்து அவள் வாயில் திணித்தேன். மென்றாள், பாதியை விழுங்கியும்விட்டாள்.

"மரக்குதாடி?"

"இல்லக்கா. கசக்கு."

கையில் மிச்சமிருந்ததைப் பார்த்தேன். காம்பு இல்லை. ஒவ்வொன்றிலும் இதழ். அப்போதும் சமாளித்துக்கொண்டேன், கசப்புதானே என்று. ஆனால் எங்கே பறித்தோம் என்று பார்த்துவிட்டு வரலாமே என்று மறுபடி போனபோது, பனி கொஞ்சம் விலகிய இடத்தில், நனைந்து குச்சியோடு ஒட்டிக்கொண்டு சிவப்புத் துணி நின்றது.

எப்படி வீடு வந்தேன் என்று நினைவில்லை. என் கையிலேயே மருந்து நாற்றம் அடித்தது. சுதாவுக்கு உப்புத் தண்ணீர் கொடுத்துக் கொப்பளிக்கச் சொன்னேன், அதையும் அவள் விழுங்கிவிட்டாள். யாரையாவது கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிட்டால் நான் செய்தது நிஜமாகிவிடும் என்று தோன்றியது. மிச்சப் பூவை எல்லாம் நானே தின்றுவிட்டு, அவளை ஒட்டி உட்கார்ந்து, அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் போனால் நானும் போய்விட வேண்டும், அம்மா முகத்தைப் பார்க்க இருக்கக் கூடாது என்பதுதான் கணக்கு.

"ஏங்க்கா, ஒனக்கும் பல்லு வலியா?" என்றாள் அவள்.

அம்மாவும் பேச்சியக்காவும் வாசலில் வந்து நின்றதும் உளறிவிட்டேன். அம்மா சுதாவை இடுப்பில் தூக்கி, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு எஸ்டேட் ஆஸ்பத்திரியைப் பார்த்து ஓடினார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் மருந்து அடிக்கும் ஆட்களின் கங்காணி மறித்து விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அந்தக் காட்டுக்கு மருந்தே திங்கக்கிழமதான். அடிக்கிற ஆளுக காடு மாறிப் போயிரக் கூடாதுன்னு இன்னைக்கே துணியக் கட்டி வச்சேன். போங்க தாயி, பொய்ப்பூவத் தின்னு எவனும் செத்ததில்ல."

அம்மா அப்போதுதான் என்னை அறைந்தார். பிறகு நடுரோட்டில் உட்கார்ந்து அழுதார். "ஏ டாக்டரம்மா, எனக்கும் ரெண்டு பூ குடேன்" என்று லயமே பத்து நாள் கேலி செய்தது. சுதாகூடச் சேர்ந்து சிரித்தாள்.

எனக்கு மட்டும் அது முடியவில்லை. திங்கட்கிழமை பையை மாட்டி வாசல் வரை போனேன். நான் இல்லாத நேரத்தில் அவள் எதையாவது வாயில் போட்டுக்கொண்டால் என்று நினைத்ததும் பையைக் கழற்றி வைத்தேன். வயிற்று வலி என்றேன். அடுத்த நாளும் வயிற்று வலி. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தது என்று வீட்டிலும் விட்டுவிட்டார்கள். என் படிப்பு அதோடு சரி.

இப்போது அந்த லயம் பாதி இடிந்து கிடக்கிறது. வருஷம் தவறாமல் அடித்த மருந்தில் மரப்புப் பூ அடியோடு போய்விட்டது. பொய்ப்பூ மட்டும் எப்படியோ தப்பி, இடிந்த சுவரெல்லாம் மஞ்சளாக நிற்கிறது. சுதா படித்து, ஆனைக்கரையில் டீச்சராக இருக்கிறாள். "எனக்காகத்தான் பெரியம்மா படிப்பையே விட்டுச்சு, அவ்வளவு பாசம்" என்று தன் பிள்ளைகளிடம் அவள் சொல்லும்போது, அந்தப் பிள்ளைகள் என்னை நிமிர்ந்து பார்க்கிறார்கள். அது பாசமில்லை, பயம் என்று சொல்ல வாய் திறப்பேன். அதைச் சொல்லவும் பயமாக இருக்கிறது.