வீட்டுக்கு லைன் இருக்கா?

எண்பதுகளின் நடுவில் பதுளை பஜாரில் ஒரு ரேடியோக் கடையின் கவுண்டரில் நின்றேன். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன் நான். முதலாளியிடம் மட்டும், அப்பா தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர் என்று அடித்துவிட்டிருந்தேன். லயத்துப் பையன்களை மூட்டை தூக்கத்தான் எடுப்பார்கள். கவுண்டரில் நிற்க ஆசைப்பட்டதால் அப்பாவுக்கு நானே பதவி உயர்வு கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்த வருஷம் கொழும்பிலிருந்து வீடியோ கேம் ஏஜெண்டு ஒருவர் இரண்டு ரகத்தோடு வந்தார். ஒன்று டிவியில் மாட்டி ஆடும் பெரிய பெட்டி, கரண்ட் வேண்டும். மற்றது சவுக்காரக்கட்டி அளவு, கையில் வைத்து ஆடுவது, சின்ன பேட்டரி இரண்டு போட்டால் ஓடும். எங்கள் ஊவா மாகாணத்தில் எந்த ரகத்துக்கு எதிர்காலம் என்று அந்த மகான் ஆராயப் போகிறாராம். அவருக்குத் தமிழ் தெரியாது, அதனால் நான் துணைக்குப் போனேன். கணிப்பு சரிவந்தால் கேம் பிரிவு என் பொறுப்பு என்று முதலாளி சொல்லியிருந்தார்.

பசறைப் பக்கத் தோட்டங்களில் சுற்றினோம். அவர் தாளில் முதல் கேள்வியே மின்சாரம். நான் பவுசாக டவுன் தமிழில், "வீட்டுக்கு லைன் இருக்கா?" என்று கேட்டேன்.

கொழுந்துக் கூடையோடு நின்ற ஓர் அம்மா, "இருக்குங்க, மூணாம் நம்பர்" என்றார். ஏஜெண்டு சரி போட்டார். அடுத்தவர், "லைன் இருக்கு தம்பி, கூரைதான் ஒழுகுது" என்றார். முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன்.

டவுனில் லைன் என்றால் கரண்ட், தோட்டத்தில் லைன் என்றால் குடியிருக்கிற லயம். குப்பி விளக்குப் புகையை மூக்கில் வாங்கி வளர்ந்த எனக்கா தெரியாது? சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பாரோ என்று பயம். கிளாக்கர் மகனுக்கும் அது தெரிந்திருக்கும்தான். பொய் சொன்னவன் மூளை அவ்வளவு தூரம் ஓடவில்லை.

தாள் முழுக்க சரி. பேட்டரிச் சாமான் செத்த பிணம், பெரிய பெட்டிக்கே சந்தை என்று தீர்ப்பு. முதலாளி மட்டும் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"லயத்துக்கெல்லாம் கரண்ட் வந்துட்டா தம்பி?"

"வந்துட்டுங்க" என்றேன்.

பெரிய பெட்டிகள் வந்து இறங்கின. தீபாவளிக்குத் தோட்டத்துச் சனம் பஜாரில் நெருக்கியடித்தது. கடைக்கு வந்தவர்கள் பெட்டியைத் தடவிப் பார்த்தார்கள், பேட்டரியில் ஓடுமா என்று கேட்டார்கள், எதிர்க் கடைக்குப் போனார்கள். அங்கே அந்தச் செத்த பிணம் பீப் பீப் என்று கத்திக்கொண்டு விற்றுத் தீர்ந்தது. ஏஜெண்டு அதற்குள் வேறு ஊரை ஆராயப் போய்விட்டார்.

பண்டிகை முடிந்து முதலாளி கூப்பிட்டார். திட்டுவார் என்றுதான் போனேன். திட்டியிருக்கலாம்.

"அன்டைக்கு நீங்க சாப்பிடப் போயிருக்கக்குள்ள உங்கட அப்பா வந்தாரு. ரேடியோவுக்கு பேட்டரி வாங்கினாரு. எம்மவன நல்லாப் பாத்துக்குங்கன்னு கும்பிட்டுட்டுப் போனாரு. ஆறாம் நம்பர் லயமாம்."

அப்பாவை நினைத்து வந்த வெட்கமா, என்னை நினைத்து வந்ததா என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. முதலாளி ஒரு பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார்.

"கொண்டு போங்க தம்பி. உங்கட ஊட்டுலதான் லைன் இருக்கே."

அந்தப் பெட்டி எங்கள் லயத்துக் காம்பரா அறையில் பல வருஷம் கிடந்தது. உயரம் தோதாக இருந்ததால் அம்மா அதன்மேல்தான் குப்பி விளக்கை வைத்தார்.