மேஸ்திரிக்கு மட்டும் முகம்

கோகிலவாணிக்குக் கோபம் வந்தால் மவுஸைத்தான் மேஜையில் அடிப்பாள். ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கும் அவளுடைய வீடியோ கடையில் அன்றைக்குக் காலையிலிருந்தே மவுஸுக்கு நல்ல அடி. கல்யாணம், காதுகுத்து என்று மலை முழுக்க வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டிப் பிழைக்கிறவள். கறாரான ஆள். வாயும் கொஞ்சம் நீளம்தான், இல்லாவிட்டால் இந்தத் தொழிலில் ஏறி மிதித்துவிடுவார்கள்.

விஷயம் இதுதான். சாயந்திரம் கோடை விழா. மேடையில் வைக்கிற பெரிய எல்இடி திரையில், மலைக்கு ரோடு போட்ட கதையைப் பழைய படங்களோடு காட்டப்போகிறார்கள். அந்த ரோட்டுக்கு ஜல்லி சுமந்தவர்களில் அவள் அம்மா மாணிக்கம்மாளும் ஒருத்தி. அந்தப் படங்களில் ஒன்றில் அவளும் நிற்கிறாள். அந்த வயசில் எடுத்த வேறு போட்டோ அம்மாவுக்குக் கிடையாது. 'என்னைய டிவில காட்டப்போறாங்க' என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

படங்களைக் கொண்டுவந்தவர் விழா காண்ட்ராக்டர், செங்கத்துச் சக்கரவர்த்தி. ஏதோ ஆபீஸில் எந்தப் புண்ணியவானோ எப்போதோ ஸ்கேன் பண்ணி வைத்தவை. இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று, கறுப்புப் புள்ளி, வெள்ளைப் புள்ளி, இந்த இரண்டை மட்டும் வைத்து ஸ்கேன் பண்ணித் தொலைத்திருந்தான். பேருக்குக்கூடச் சாம்பல் நிறம் இல்லை. திரையோ கலர் வீடியோவைத் தவிர எதையும் தொடமாட்டேன் என்றது.

கோகிலவாணி அவற்றை வீடியோவாக மாற்றிப் பார்த்தாள். முதல் தடவை படம் முழுக்கப் பச்சையாக வந்தது. நிறம் வேண்டாமே என்று நிறத்துக்குரிய இடத்தில் பூஜ்யம் போட்டிருந்தாள். வீடியோவில் நிறத்துக்கான எண் பூஜ்யத்திலிருந்து 255 வரை போகும்; அந்தக் கணக்கில் பூஜ்யம் என்றால் பச்சை. எந்த நிறமும் வேண்டாமென்றால் நடு எண்ணைப் போடவேண்டும்.

"பச்சையாவே இருக்கட்டுமேம்மா, மலைதானே," என்றார் சக்கரவர்த்தி.

"எங்கம்மா இன்னா தழையாங்க?" என்றாள்.

நடு எண்ணைப் போட்டதும் படம் கறுப்பு வெள்ளையாகத் தெளிந்து வந்தது. அப்போதுதான் அவள் முகங்களைக் கவனித்தாள். முன்னால் நின்ற மேஸ்திரிக்குக் கண், மூக்கு, மீசை எல்லாம் தெரிகிறது. பின்னால் கூடையோடு நின்ற பெண்களுக்குக் கழுத்துக்கு மேலே வெறும் மை. இந்த அளவுக்கு வெளுப்பாக இருந்தால் வெள்ளை, அதற்குக் கீழே எல்லாமே கறுப்பு என்று மெஷினில் கோடு கிழித்தவன், மலைக்காரிகளை ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. மவுஸ் பறந்துபோய்ச் சுவரில் மோதியது.

"இதுக்குத்தான் நான் நேத்தே ஆப்ல போட்டுக் கலராக்கிட்டேன். இத வீடியோவாக்கிக் குடு," என்று சக்கரவர்த்தி போனை நீட்டினார்.

கோதுமை நிறத்தில் வரிசையாகப் பெண்கள். எடுப்பான மூக்கு, சிவந்த உதடு. மூன்றாவதாக நின்றேன் என்று அம்மா சொல்லியிருந்த இடத்தில் ஒருத்தி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யார் சார் இவ?"

"உங்கம்மாதான்."

"எங்கம்மாவ எனக்குத் தெரியாதா?"

"மூஞ்சியே இல்லாத படத்தப் போட்டா ஜனங்க சிரிக்கமாட்டாங்களாம்மா?"

"சிரிக்கட்டுங்க. எவளையோ கொண்டாந்து எங்கம்மான்னு நிக்கவெக்க என்னால முடியாது. இதுதான் வேணும்னா வேற கடை பாத்துக்குங்க."

வேறு கடைக்கு மலையிறங்கவேண்டும், அதற்கெல்லாம் நேரமில்லை. சக்கரவர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு அவள் கொடுத்ததையே வாங்கிப்போனார். இனி இந்த விழா வேலை தன் கடைக்கு வராது என்று அவளுக்குத் தெரியும். போகட்டும், சனியன் விட்டது.

சாயந்திரம் திரையில் படம் வந்தபோது அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். முகம் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது? கோகிலவாணி திரையைப் பார்க்காமல் அம்மாவையே பார்த்தாள்.

"மூணாவதா நிக்கிறது நான்டி," என்றாள் மாணிக்கம்மாள். "எனக்குத்தான் இடுப்புல கூடை. பக்கத்துல குப்பன் பொண்டாட்டி." கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மேஸ்திரிக்கு மட்டும் எப்படிடி மொகம் வந்துது?" என்று கேட்டாள்.

"அந்தாளு வெளுப்பா இருந்தாரும்மா. மெஷினு வெளுப்பா இருந்தாத்தான் வெச்சிருக்கும்."

"வெளுப்பா இல்லாம?" என்றாள் அம்மா. "நாளெல்லாம் நெழல்ல நின்னினு இருந்தான். போட்டோ புடிக்கசொல்ல மட்டும் வெயிலுக்கு வந்தான். வெயில்லயே கெடந்து கறுத்தது நாங்கடி."