தவமணி அக்கா வீட்டு மூன்று அறைகள்

தவமணி அக்கா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர், அவர் வீட்டு மேல்மாடியில் இருந்த மார்செல். தொலைபேசி என்றாலே ஒதுங்கிப் போகிற மனிதர். அன்று காலை என்னை அழைத்து, பிரெஞ்சில், "மடாம் எழும்பவில்லை. தேநீர் ஆறிவிட்டது" என்று மட்டும் சொன்னார். செயின்ட்-மிஷேல் பகுதியில் இருந்த அக்கா வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் அம்புலன்ஸ் நின்றது. மார்செல் படியில் உட்கார்ந்திருந்தார்.

திருகோணமலையிலிருந்து வந்த அக்காவை, இந்த நகரத்தில் இருக்கும் உங்களில் பலர் கோயிலில் கண்டிருப்பீர்கள். எனக்கு அவர் வேலைத்தலத்துத் தோழி. ஒரு மனநல மருத்துவமனையில், நோயாளிகளைக் குளிக்க வார்த்து, தலை சீவி, சாப்பாடு கொடுக்கிற உதவியாளர்களாக இருவரும் பல வருடங்கள் இருந்தோம்.

பிறகு வார்டுகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். இனி இந்த நோயாளிகள் எல்லாரையும்போல ஊருக்குள் வாழ்வார்கள் என்றார்கள். எங்கள் வார்டின் கடைசி நாளில் ஆளுக்கொரு பையும் மருந்தும் ஒரு விலாசமும் கொடுத்து அனுப்பினோம். அடுத்த குளிர்காலத்தில், மெட்ரோ வாசலில் காட்போட் மட்டைமேல் படுத்திருந்த, எங்கள் வார்டு மார்செலை அக்கா கண்டார். வாடகைக்கு இருந்த அறையிலிருந்து வெளியேற்றிவிட்டார்களாம். அவர் நிமிர்ந்து பார்த்து, "சாப்பாடு வந்துவிட்டதா?" என்று கேட்டார்.

"ஓம், வந்திட்டுது. எழும்புங்கோ" என்று தமிழிலேயே சொல்லி, அக்கா அவரை வீட்டுக்குக் கூட்டிப் போனார். அதன்பின் அதே வார்டிலிருந்த இன்னும் இருவர் வந்தார்கள். மேல்மாடியின் மூன்று அறைகளும் நிறைந்தன.

ஆரம்பத்தில் மார்செல் காலையில் தன் அறைக்குள்ளேயே, கதவின் முன்னால், யாராவது திறக்கட்டும் என்று நிற்பார். வார்டில் அவராகக் கதவு திறந்ததே இல்லை. அக்கா வெளியே நின்று, "பூட்டில்லை, மார்செல்" என்பார். ஆனால் அக்கா கதவைத் தொடமாட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "திறந்து விடுங்கோவன், அக்கா" என்றேன்.

"நான் திறந்தா இதுவும் வார்டுதான், பிள்ளை" என்றார்.

எல்லாரையும் அவரால் கூட்டிவர முடியவில்லை. எங்கள் வார்டிலிருந்த லுசி துறைமுகப் பக்கம் ஒரு பாலத்தின் கீழ் இருந்தாள். அக்கா எத்தனையோ தரம் போய்க் கூப்பிட்டார். "நீங்களும் என்னைப் பூட்டிவைப்பீர்கள்" என்று சொல்லி அவள் வரவில்லை. ஒரு தை மாதத்தில் குளிரில் விறைத்துச் செத்துப்போனாள். அடக்கம் முடிந்து இருவரும் திரும்பினோம். வழியில் அக்கா சொன்னார்: "அந்த வார்டை மூடினது பிழையில்லை. அதுக்குள்ள நாங்கள் எண்டால் ஒரு கிழமை இருப்பமோ? போறதுக்கு ஒரு வீடு குடுக்காமல் மூடினாங்கள் பார், அதுதான் பிழை."

அக்காவின் செத்தவீடு முடிந்து சில நாட்களில் அவருடைய மகன் என்னுடன் கதைத்தார். "அன்ரி, நான் ரொறன்ரோவில இருக்கிறன். இவையளை வைச்சுப் பாக்க என்னால ஏலாது. வீட்டை விக்கத்தான் வேணும்." அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் என் குடும்பத்துக்கே இடம் போதாத சின்ன அபார்ட்மென்டில் இருந்துகொண்டு நான் இவர்களை எங்கே வைப்பது?

மற்ற இருவருக்கும் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைத்தது. மார்செலுக்குக் கிடைக்கவில்லை. இப்போது அவர் ஒரு தங்குமிடத்தில் படுக்கிறார். விடிந்ததும் பையோடு வெளியே அனுப்பிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சோறு கொண்டுபோகிறேன். சாப்பிடுகிறார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு பழக்கம் மட்டுமே. தெருவில் படுத்திருக்கும் ஒருவரைக் கடக்கும்போது அவருடைய முகத்தைப் பார்க்கிறேன். நான் ஒரு காலத்தில் தலை சீவிவிட்ட ஆளாக அவர் இருக்கலாம்.