குங்குமம் வைத்த கோடாலி

ஹேமந்த் மைசூரில் லிஃப்ட் பழுது பார்க்கிறான். அப்பாவும் அம்மாவும் ஹனூர்ப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் லீவு நாட்களிலும் அவன் எங்களுக்குக் கதை நடத்துவான். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் ஆட்டம். அரக்கர்கள், காடுகள், மந்திர ஆயுதங்கள் எல்லாம் உண்டு.

ஆயுதங்களை நாங்களே அட்டையில் எழுதி உருவாக்குவோம். அவற்றைச் சமன் செய்வது ஹேமந்தின் வேலை. யார் எதைக் கொண்டுவந்தாலும் முதல் சண்டையில் அதை எதிரியின் கையில் கொடுத்துவிடுவான். மைசூரில் நண்பனை 'குரு' என்றுதான் கூப்பிடுவோம்; அடி வாங்கியவன் "இது அநியாயம் குரு" என்று கத்தினால், அந்த ஆயுதத்தோடு ஒரு கஷ்டத்தையும் சேர்த்து எழுதுவான். எறிந்தால் திரும்பி வருகிற என் கத்தி அப்படித்தான் கெட்டது. எறிந்தபின் ஒரு சுற்று முழுக்க நான் வெறுங்கையோடு நிற்க வேண்டும். எரிச்சலாக இருக்கும், ஆனால் நியாயம்.

மகேந்திரனுக்கு மட்டும் இது பிடிக்காது. மண்டி மொஹல்லாவில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர். கடை மாடியில்தான் ஆடுவோம். இடம் அவருடையது என்பதால் அவர் அறுவைக்கெல்லாம் நாங்கள் பல்லைக் காட்டுவோம். போண்டா தின்ற எண்ணெய்க் கையோடு எல்லார் பகடையையும் எடுத்து உருட்டுவார். நான் என் பகடையைச் சட்டையில் துடைத்துக்கொள்வேன்.

ஆயுத பூஜையன்று மாடி ஏறினோம். கீழே தெருவெல்லாம் உடைத்த பூசணிக்காய். மேலே மகேந்திரன் ஸ்பேனர்கள், ஸ்க்ரூ டிரைவர்களோடு ஒரு அட்டையையும் பூஜையில் வைத்திருந்தார். அவர் எழுதிய கோடாலி. குறி தப்பாது, பட்டவன் சாவான், அவ்வளவுதான்.

"மொதல்ல எதிரி கையில குடுத்துப் பாக்கணும்ணா," என்றான் ஹேமந்த், பேனாவை எடுத்துக்கொண்டே.

"பூஜைல வச்சாச்சு குரு. குங்குமம் வச்சதுல கிறுக்குவியா?"

அந்தப் பேச்சு எங்கள் எல்லாரையும் கட்டிப்போட்டது. ஹேமந்த் பேனாவை மூடினான்.

"சரிண்ணா, திருத்தல. ஆனா பூஜைல இருக்கறத இன்னிக்கு எடுக்கக் கூடாதில்ல. நாளைக்கு எடுத்துக்கங்க."

மகேந்திரன் தலையாட்டினார். நாங்களும் நம்பினோம்.

அன்று தீபாவின் நாள். துணிக்கடையில் வேலை பார்க்கிற பெண், அதிகம் பேசமாட்டாள். கதையில் அவள் வைத்தியச்சி. சாபத்தால் அரக்கனாகிவிட்ட தன் தம்பியை ஒரு வருஷத்துக்கும் மேலாகத் தேடிக்கொண்டிருந்தாள். அவனைக் கொல்லாமல் மீட்க வேண்டும், அவளுக்கு வேறெதுவும் வேண்டாம். அன்றுதான் அவன் எதிரே வந்தான். தீபா கத்தி எடுக்கவில்லை. சின்ன வயதில் அவனுக்குக் காய்ச்சல் வந்த கதையைச் சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. பகடை நல்லபடியாக விழுந்தது.

"கதாயுதத்தக் கீழ போடறான்," என்றான் ஹேமந்த். "உன்ன அக்கான்னு கூப்பிடறான்."

தீபா முகத்தைப் பொத்திக்கொண்டாள். அப்போது மகேந்திரன் எழுந்து, எலுமிச்சம்பழத்தைத் தள்ளிவிட்டு அந்த அட்டையை உருவினார்.

"எவ்வளவு நேரம் அழுவீங்க? என் கோடாலியால வெட்டறேன்."

"அண்ணா, பேடா, வேண்டாம். அவன் திரும்பி வந்துட்டான்."

"ஆட்டம்தானே தீபா."

பூஜையில் வைத்ததைத் திருத்தக் கூடாது என்றவர், எடுக்கக் கூடாது என்பதைத் துடைத்துப் போட்டுவிட்டார். ஹேமந்த் அட்டையைப் பார்த்தான். குறி தப்பாது என்று எழுதியிருந்தது.

"வெட்டு விழுந்துருச்சு," என்றான். "செத்துட்டான்."

மகேந்திரன் கை தட்டினார். "எனக்கு எத்தன பாயிண்ட்டு?" விரலெல்லாம் குங்குமம். அந்தக் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. தீபா பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

படியில் ஹேமந்தைப் பிடித்துக் கேட்டேன். "தப்பிடுச்சுன்னு சொன்னா என்ன? யார் கேக்கப்போறா?" அவன் மேலும் எனக்கு ஆத்திரம்தான்.

"குங்குமத்துக்குப் பயந்து திருத்தாம விட்டேன் பாரு, அது என் தப்பு. அதுக்காக இப்பப் பொய் சொன்னா, அவ தம்பி கதாயுதத்தப் போட்டதும் பொய்யாயிடும்."

அடுத்த ஞாயிறு ஹேமந்த் வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்தோம். நெரிசல்தான், மின்விசிறியும் சத்தம் போட்டது. தீபா வந்தாள். புதுப் பாத்திரம் எழுதலாமா என்று ஹேமந்த் கேட்டதற்கு, அதே வைத்தியச்சிதான், தம்பியைப் புதைக்கிற இடத்திலிருந்து தொடங்கு என்றாள்.

நடுவில் மகேந்திரன் போன் செய்தார். ஹேமந்த் ஸ்பீக்கரில் போட்டான்.

"மாடி சும்னே காலியாக் கெடக்கு. ஏன் குரு யாரும் வரல? கோடாலிய எடுத்து வச்சுட்டு உக்காந்திருக்கேன்."

"உங்க கிட்டயே இருக்கட்டும்ணா," என்றான் ஹேமந்த். "அங்க வெட்டறதுக்குத்தான் ஆள் இல்ல."