பென்சில் குறி

என் அப்பா இந்த எஸ்டேட் ஆபீஸில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தாவாக, இருந்தவர். ஆபீஸில் யாராவது கையெழுத்துப் போட வந்தால், போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுத்தான் தாளை நீட்டுவார். வந்தவர் தாளைப் படிக்க மாட்டார். குறியைத் தேடுவார், போடுவார், கும்பிட்டுவிட்டுப் போவார். அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியும் ஆபீஸில் அந்தப் பழக்கம் மாறவில்லை. என்னிடமும் அது ஒட்டிக்கொண்டிருந்தது என்பது ஐம்பத்து மூன்று வயதில்தான் எனக்கு உறைத்தது.

நான் வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். வீட்டுக்காரர் தேயிலை பேக்டரியில் மெக்கானிக். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வரிசையில் கோடி வீடு எங்களுடையது, பக்கத்தில் பிள்ளைகள் ஓட கொஞ்சம் புல்தரை உண்டு. விடிந்ததும் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுக்கப் போகிற அம்மாக்கள் போகிற வழியில் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். மொத்தம் ஆறு பிள்ளைகள். முறைப்படி பதிவு செய்யும்போது ஒரு பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். பிள்ளைகளைப் படம் எடுப்பதென்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று அங்கே பேசிய அம்மா அரை மணி நேரம் விளக்கி, மலாயில் அச்சடித்த ஒரு சம்மதப் பாரமும் கொடுத்தார். கீழே இரண்டு கோடுகள். ஒன்றில் ‘செத்துஜு’, சம்மதம். இன்னொன்றில் ‘தீடாக் செத்துஜு’, சம்மதமில்லை.

நான் என்ன செய்தேன்? ஆறு நகல் எடுத்தேன். ஆறிலும் சம்மதம் என்ற கோட்டின் மேல் பென்சிலால் குறி போட்டேன். மறுநாள் காலை வாசலிலேயே நீட்டினேன். கொழுந்து எடுக்க ஆள் ஏற்றும் லோரி ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. ஒருத்தி என் முதுகில் தாளை வைத்தே போட்டாள். ஐந்து நிமிஷத்தில் ஆறும் முடிந்தது. இவர்களுக்கு மலாய் என்ன தெரியும், விளக்கப் போனால் குழம்பிப் போவார்கள் என்பது என் நினைப்பு. இதற்குப் போய் அரை மணி நேரம் பேசினாரே அந்த அம்மா என்று வீட்டுக்காரரிடம் கேலி வேறு செய்தேன்.

அப்புறம் என் கையைக் கேட்கவா வேண்டும்! கஞ்சி குடித்தால் ஒரு படம், தூங்கினால் ஒரு படம். எல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறும். அம்மாக்கள் பார்க்கட்டும் என்றுதான் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், ஈப்போவில் இருக்கும் என் தங்கச்சி “எவ்ளோ அழகா பாத்துக்கிற” என்று எழுத வேண்டும், அதற்காகத்தான்.

அந்த ஆறு பேரில் ஒருத்திக்கு மூன்று வயதில் ஒரு பெண். அம்மாவும் மகளும் மட்டும்தான். அவளுடைய கங்காணிக்கு அவளைக் கண்டாலே ஆகாது, எந்தச் சரிவில் வழுக்குமோ அங்கேதான் நிறுத்துவான். ஒரு நாள் அவள் நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு வந்தாள். பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலில் துணி துவைக்கும் பகுதிக்கு ஆள் எடுக்கிறார்களாம், நேர்முகத்துக்குப் போகிறாளாம். யாரிடமும் மூச்சு விட வேண்டாம் என்றாள். லீவு எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

சத்தியமாக நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. வாயை இறுகக் கட்டிக்கொண்டேன். ஆனால் பத்து மணிக்கு அவள் மகள் வாயெல்லாம் மைலோவோடு கோழியைத் துரத்தினாள். எடுத்தேன் படம். “காலையிலேர்ந்து ஒரே ஆட்டம்லா!” என்று எழுதிப் போட்டேன். கூரை ஒழுகினால் கூப்பிடுவதற்கென்று அந்தக் கங்காணியின் நம்பரும் என் போனில் இருந்தது.

பிள்ளைக்குக் கடுமையான காய்ச்சல் என்று சொல்லித்தான் அவள் லீவு வாங்கியிருக்கிறாள். மறுநாள் பெரட்டில் கங்காணி அத்தனை பேர் முன்னாலும் என் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினானாம். காய்ச்சல்காரப் பாப்பா என்ன ஆட்டம் போடுகிறது பாருங்கள் என்றானாம். சிலர் சிரித்தார்களாம். ஆபீஸில் எச்சரிக்கைக் கடிதம் தயாராக இருந்தது. அதிலும் பென்சில் குறி இருந்ததாம்.

அன்று சாயங்காலம் அவள் வந்தாள். கத்தவில்லை. ஏன் அக்கா படம் போட்டீங்க என்று மட்டும் கேட்டாள். அந்த நேரத்தில் என்னை மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் உள்ளே போய் பைலை எடுத்துவந்தேன். நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

“பாரு, நீதானே சைன் போட்ட” என்றேன்.

அவள் தன் கையெழுத்தைப் பார்த்தாள். அதன் அடியில் அழியாமல் இருந்த என் குறியையும் பார்த்தாள்.

“கிராணி வூட்டு அக்கா குறி போட்டு நீட்டுனீங்க. போட்டேன்” என்றாள்.

நான் பைலை மூடினேன். அவள் மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஹோட்டலிலும் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். பிள்ளையை லெம்பா பெர்த்தாமில், காய்கறித் தோட்டத்தில் வேலை செய்யும் தன் அக்காவிடம் கொண்டுபோய் விட்டாள். ஞாயிற்றுக்கிழமைதான் போய்ப் பார்க்க முடியும். அம்மாவை விட்டு ஒரு ராத்திரி இருந்தறியாத பிள்ளை. பகலெல்லாம் என்னைத்தான் திட்டிக்கொண்டேன், ஆனால் அவள் வீட்டு வாசல் வரை போக எனக்குத் துணிச்சல் வரவில்லை.

படங்களை எல்லாம் அழித்தேன். புதிதாக ஆறு பாரம் எடுத்தேன், குறி போடாமல். மற்ற ஐந்து பேரும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எங்கே அக்கா போடணும், குறியைக் காணோமே என்று கேட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு எங்கே இஷ்டமோ அங்கே போடுங்கள் என்றேன். இரண்டு பேர் சம்மதமில்லை என்று போட்டுக் கொண்டுவந்தார்கள். என் படங்களுக்குத் தினமும் இதயம் போட்டுக்கொண்டிருந்தவர்கள்தான் அந்த இரண்டு பேரும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை அவள் மகளோடு வாசலில் நின்றாள். அக்காவுக்கு அறுவடை நேரம், பார்த்துக்கொள்ள முடியவில்லையாம். வேறு இடமில்லாமல்தான் வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. ஆறாவது பாரத்தை நீட்டினேன். வீட்டில் வைத்துப் படி என்றேன். அவள் நின்றபடியே படித்தாள், மேலிருந்து கீழ்வரை, தடங்கலே இல்லாமல். இவளுக்கு மலாய் தெரியுமா தெரியாதா என்று, அவள் என்னிடம் பிள்ளையை விடும் இந்த இரண்டு வருஷத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

“சம்மதம் குடுத்தாலும் எப்ப வேணும்னாலும் வேணாம்னு சொல்லலாம்னு போட்டிருக்கே. முன்ன குடுத்த பாரத்துலயும் இது இருந்துச்சாக்கா?”

இருந்தது என்றேன். அதே பாரம்தானே. ஆனால் அந்த வரி வரைக்கும் நானே படித்ததில்லை என்பதைச் சொல்ல வாய் வரவில்லை.

அவள் சம்மதமில்லை என்ற கோட்டில் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

“கோச்சுக்காதீங்கக்கா” என்றாள். பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு லோரிக்கு ஓடினாள்.